தோல் கிடங்கில் அண்ணி சொன்ன கதைகள்

அந்தத் தகரக் குழலை அண்ணி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. உரக்கப் பேசுவதற்காகக் கிராமபோன் பெட்டியிலிருந்து கழற்றிய பழைய குழாய் அது. யாரோ அதற்குப் பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக்குச் சொந்தமான கிடங்கு; சரக்கு வேறிடத்துக்குப் போய்விட்டதால் காலியாகக் கிடந்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, வெளியே வெயில் கொளுத்தும் பிற்பகலிலேயே உள்ளே இருட்டை உண்டாக்கியிருந்தார்கள். தோலை எடுத்துவிட்டார்களே தவிர வாசனையை எடுக்க முடியவில்லை. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன. ஒரு சுவரில் வெள்ளைத் துணி. அதன் பக்கத்தில் குழலோடு அண்ணி. எதிரே விரித்த பாய்களில் ஊர்ப்பட்ட பெண்கள், ஆண் என்று ஒருவர்கூட இல்லாமல். நான் ஓரமாக ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேலூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் கட்டுரையும் பேச்சும் கற்பித்துவந்த பட்டதாரியான என் அண்ணி, சினிமாப் படத்துக்குக் கதை சொல்ல வந்து நின்ற முதல் நாள் அது.

இன்றைக்கு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்போது படங்கள் பேசாது. திரையில் ஆட்கள் வாயசைப்பார்கள், அழுவார்கள், சண்டை போடுவார்கள். சத்தம் மட்டும் வராது. நடுநடுவே எழுத்து அட்டை ஒன்று வந்து போகும், அதுவும் இங்கிலீஷிலோ வடநாட்டு எழுத்திலோ இருக்கும். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள், இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். கூடவே ஆர்மோனியப் பெட்டி வாசிக்க ஒருவர். இந்த இரண்டு வேலையையும் எல்லா ஊரிலும் ஆண்களே செய்தார்கள்.

அண்ணி ஆம்பூரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் அங்கே கம்பவுண்டர். மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய் பி.ஏ. வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கிறிஸ்தவ சபையில் அந்தப் படிப்புப் படித்த ஆண்களே சொற்பம். என் அண்ணன் காட்பாடி ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தா. கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் அம்மா, "இவ்ளோ படிச்ச பொண்ணு நம்மள மதிக்குமா" என்று ஓயாமல் கவலைப்பட்டார். அண்ணி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தண்ணீர்க் குழாயடியில் அம்மாவுக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் நடந்துவந்த நீண்ட தகராறில், எதிராளி அடுத்து என்ன சொல்வாள், அதற்கு எதைச் சொன்னால் அவள் வாயடைத்துப் போவாள் என்று அண்ணி அடுப்பங்கரையிலேயே எடுத்துக்கொடுத்தார். அன்றைக்கே அம்மாவின் கவலை தீர்ந்தது. எதிராளி சொல்லப்போவதை முதலில் யோசி என்பதுதான் சென்னையில் அவருக்குக் கற்பித்த பேச்சுக்கலையில் முதல் பாடமாம்.

நானும் அதே பயிற்சிப் பள்ளியில் பாட்டும் சித்திரமும் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே அண்ணியின் வகுப்பு எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அவர் சேர்ந்தபோது கட்டுரை என்றால் பசு, ரயில் பயணம், நேர்மை என்ற மூன்றும்தான். மாணவிகள் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். எல்லாப் பசுவும் சாதுவான பிராணி, எல்லாப் பசுவுக்கும் இரண்டு கொம்பு. ஒரு நாள் அண்ணி முதல் பெஞ்சில் இருந்த பெண்ணிடம், "உங்க வீட்டு மாடு இன்னா நெறம்?" என்று கேட்டாராம். அந்தப் பெண் எழுந்து நின்று, "டீச்சர், அது புஸ்தகத்துல இல்லீங்களே" என்றாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "அதுங்க வாயைத் திறக்கிற மாதிரி ஒரு விஷயம் கெடைக்கணும் பாப்பா" என்றார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

கிடைத்த விஷயம் ஆம்பூரிலிருந்து வந்தது. அந்தத் தோல் மண்டி முதலாளியின் மனைவியை ஊரில் பெரிய பீபி என்பார்கள். அண்ணி சிறு வயதிலிருந்தே அந்த வீட்டுக்குப் போய்வந்து பழகியவர். பீபியின் குடும்பத்துப் பெண்கள் கோஷா. வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வீட்டு ஆண்களெல்லாம் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் அரைகுறையாகக் கதை சொல்லிச் சொல்லி பீபியின் பொறுமையைச் சோதித்துவிட்டார்கள். பெண்களுக்கென்று தனியாக ஒரு காட்சி போட்டே தீர வேண்டும் என்று அவர் புருஷனிடம் பிடிவாதம் பிடித்தார். கிடங்கு அவர்களுடையது. படம் காட்டுகிற ஆள் மட்டும் ஆண். அவரைப் பெண்கள் வருவதற்கு முன்பே ஒரு பலகைக் கூண்டுக்குள் விட்டு வெளியே தாழ் போட்டுவிடுவது, உள்ளே ஒரு பானை தண்ணீரும் ஒரு தட்டு பிரியாணியும் வைத்துவிடுவது, எல்லாப் பெண்களும் வெளியேறிய பிறகு திறப்பது என்று ஏற்பாடு. மிச்சம் இருந்த ஒரே சிக்கல், கதை சொல்வது யார்?

பீபி அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீ பேச்சுக்குத்தானே படிச்சே? வந்து பேசு" என்றார். அவ்வளவுதான். அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "சபையில எதனா சொல்வாங்க" என்றார். அண்ணி, "சொல்லட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எப்படியும் ஒரு தடவையாவது சினிமா பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூர் போவது என்று முடிவாயிற்று.

முதல் நாள் படுதோல்வி. பீபி முன்கூட்டியே அனுப்பிய சுருக்கத்தை வைத்து அண்ணி ஒரு வாரம் உட்கார்ந்து முழுக் கதையையும் அழகான தமிழில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். படம் ஓட ஆரம்பித்ததும் குழலை உயர்த்தி, "பெருமாட்டிகளே, இதோ, செல்வச் செழிப்பு மிக்க வணிகன் ஒருவன் தன் மாளிகையின் முகப்பிலே உலவுகின்றான்" என்றார். கிடங்கு அமைதியாக இருந்தது. அவர் உற்சாகமாகத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாய்களில் பேச்சு கிளம்பியது. வெற்றிலைப் பெட்டிகள் திறந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏம்மா, இது ஜெபமா கதையா?" என்று கேட்டது. கிடங்கே சிரித்தது. நான் சிரிப்பை அடக்கப் போய் ஆர்மோனியத்தில் தப்புக் கட்டையை அழுத்திவிட்டேன். அண்ணி பாதியில் நின்றார். எழுதி வைத்திருந்ததில் எந்த இடத்தில் இருந்தோம் என்பது மறந்துபோயிற்று. அதற்குள் திரையில் வணிகன் வேறெங்கோ போய்விட்டான், யாரோ ஒருத்தி கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தாள்.

குழலைக் கீழே வைத்துவிட்டு அண்ணி தன் சொந்தக் குரலில் சொன்னார்: "இவன் இன்னா, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லாம கப்பலேறிப் போய்ட்டான். அவ பேஜார்ல கெணத்தாண்ட வந்து குந்திக்கினு கீறா." அது சென்னைக் கல்லூரியில் கற்றது அல்ல, ஆம்பூர்த் தெருவில் அவர் வளர்ந்த பேச்சு. பட்டம் வாங்கிய பிறகு அதை வெளியே எடுக்காமல் பத்திரமாக மூடி வைத்திருந்தார். வெற்றிலைப் பெட்டிகள் மூடிக்கொண்டன. "அப்டி சொல்லு" என்றார் பீபி, இருட்டிலிருந்து.

அதன் பிறகு அவர் குழலைத் தொடவேயில்லை. கதையை எழுதி வைத்துக்கொள்வதும் நின்றது. காலையில் ஒருமுறை படச் சுருள்களோடு வந்த கதைச் சுருக்கத்தைக் கேட்டுக்கொள்வார். பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். கோஷாக் குடும்பத்துப் பெண்கள் ஒரு பக்கம், தோல் மண்டிகளில் கூலி வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் மறுபக்கம், மாதனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த உழவர் வீட்டுப் பெண்கள் நடுவில். உருதுக்காரிக்கு ஒரு வார்த்தை, தெலுங்குக்காரிக்கு ஒரு வார்த்தை போட்டு, ஒரே வாக்கியத்தில் மூன்று பேரையும் தலையாட்ட வைப்பார். வில்லன் வந்தால் எனக்குக் கண் காட்டுவார். நான் கட்டைச் சுருதியில் இரண்டு கட்டைகளை அமுக்கிப் பிடித்தால் முன்வரிசைக் குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் போய்விடும்.

திங்கட்கிழமை அது பள்ளிக்கு வந்தது. அண்ணி வகுப்புக்குள் நுழைந்து, படத்தில் பார்த்த ஒரே ஒரு காட்சியைச் சொல்வார். ஒருத்தி கதவைத் திறக்கிறாள், வாசலில் பல வருஷத்துக்கு முன்னால் காணாமற்போன தம்பி நிற்கிறான். "அவ மொதல்ல இன்னா கேப்பா?" என்பார். மனப்பாடம் செய்ய அதற்கு மாதிரிக் கட்டுரை கிடையாது. முதலில் எல்லாரும் புஸ்தகத்தைப் புரட்டினார்கள். அப்புறம், மாட்டின் நிறம் புஸ்தகத்தில் இல்லை என்று சொன்ன அதே பெண் எழுந்து, "சாப்பிட்டியான்னு கேப்பா டீச்சர்" என்றாள். "எழுது" என்றார் அண்ணி. அந்த வருஷம் அவர் வகுப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளை மற்ற ஆசிரியைகள் இடைவேளையில் வாங்கிப் படித்தார்கள். தப்புகள் நிறைய இருந்தன, ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் அண்ணி எழுதுகிற கேள்வி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே: "யாருக்குச் சொல்கிறாய்?"

இந்தச் சமயத்தில்தான் வேலூரில் பெண்களுக்கென்று கல்லூரி வகுப்பு தொடங்கப்போவதாகப் பேச்சு வந்தது. கட்டுரையும் பேச்சுக்கலையும் கற்பிக்க ஒரு விரிவுரையாளர் வேண்டும். அதன் தலைவியாக வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் அண்ணியின் வகுப்பை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, விண்ணப்பம் போடச் சொன்னார். அண்ணி வாய்விட்டு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு ஆசைப்பட்டார். சாயங்காலத்தில் கோட்டை அகழி ஓரம் நடக்கப் போகும்போதெல்லாம், முதல் நாள் வகுப்பில் என்ன செய்வேன் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் வேலை கொடுப்பது தலைவியம்மாள் தனியாக அல்ல. ஒரு நிர்வாகக் குழு இருந்தது. எங்கள் சபைப் போதகர், ஒரு வக்கீல், இன்னும் சில பெரியவர்கள், எல்லாரும் ஆண்கள். அவர்கள் காதுக்கு ஆம்பூர்க் கிடங்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. சினிமாவையே பாவம் என்று பிரசங்கம் செய்கிற காலம். படம் பார்ப்பதே தப்பு என்றால், படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவளை என்ன சொல்வது? போதகர் நல்ல மனிதர்தான், எங்கள் அண்ணன் கல்யாணத்தை நடத்திவைத்தவரே அவர்தான். அவரே வீட்டுக்கு வந்து, "அங்க இன்னா பேசப்படுதுன்னு குழுவுக்குத் தெரியணும்மா. தெரியாம நாங்க எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார்.

"வந்து பாருங்களேன் ஐயா" என்றார் அண்ணி.

"வரலாம்தான்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் போதகருக்கு உறைத்துவிட்டது. கோஷாக் காட்சி. ஆண் உள்ளே போக முடியாது. குழுவில் ஒருவர்கூடப் போக முடியாது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி வேலியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் தலைவியம்மாளையும், அவருக்குத் துணையாகப் போதகரின் மனைவியையும் அனுப்புவது என்று குழு தீர்மானித்தது. தலைவியம்மாளுக்குத் தமிழ் ஓரளவு புரியும். போதகரம்மா கண்டிப்பானவர். ஆராதனை நேரத்தில் கோயிலில் யாராவது பின்னால் திரும்பிப் பார்த்தால்கூட அவர் பார்வை போய்த் தைக்கும். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை ரயிலில் நாங்கள் நால்வரும் ஒரே பெட்டியில் போனோம். போதகரம்மா ஆம்பூர் வரைக்கும் வேதப் புத்தகத்தை மடியில் திறந்து வைத்திருந்தார். அண்ணி ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன.

படம் அன்றைக்கு நல்லதாகவே அமைந்தது. ஒரு வியாபாரி கடல் கடந்து போகிறான். அவன் தம்பி சொத்துக்கு ஆசைப்பட்டு, அண்ணன் மனைவி நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்தி வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ராஜசபையில் நியாயம் கேட்டு நிற்கிறாள். பாதிப் படத்துக்குள் போதகரம்மாவின் வேதப் புத்தகம் பாயின் மேல் கிடந்தது. தம்பிக்காரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இடத்தில் அவர் தன்னை மறந்து, "பின்னால பாரு, பின்னால பாரு" என்றார். பக்கத்தில் இருந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

ராஜசபைக் காட்சி. ராஜா கையை நீட்டி, உன் பக்கம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிறார். அவள் முகம் திரை முழுக்க வருகிறது. வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் டப்பென்று ஒரு சத்தம். திரை வெறும் வெள்ளையாகி, அப்புறம் இருண்டது.

பலகைக் கூண்டின் ஓட்டை வழியாகப் படம் காட்டுகிறவரின் குரல் வந்தது. "டீச்சர், பிலிம் அறுந்துபோச்சு. மிசின்லயும் இன்னாவோ மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரம் ஆவும்."

கிடங்கில் ஒரே கூச்சல். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. யாரோ ஒரு ஹரிக்கேன் விளக்கை ஏற்றி அண்ணியின் காலடியில் வைத்தார்கள். நான் வாசித்துப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. சில பெண்கள் எழுந்து புர்காவைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்தார்கள். தலைவியம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணிக்கும் அந்தப் படத்தின் முடிவு தெரியாது. கடைசிச் சுருளின் சுருக்கம் அன்றைக்கு வந்து சேரவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு விளக்கைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சாதாரணமாகப் பக்கத்து வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்:

"ராஜா கேட்டுட்டான். அவ வாயைத் தொறந்துட்டா. இப்ப அவ இன்னா சொல்லணும்? நீங்க சொல்லுங்க."

முதலில் முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "அழுவணும், ராஜா மனசு எரங்குவான்" என்றாள். "அழுதா பொய்யின்னுவாங்க" என்று மறுபக்கத்திலிருந்து ஒருத்தி வெட்டினாள். "சரி, அழாம இன்னா சொல்லணும்?" என்று அண்ணி அவளைப் பார்த்து விளக்கைத் திருப்பினார். "சாட்சி கேக்கணும். பழி சொன்னவன்தான் சாட்சி கொண்டாரணும்." மாதனூர்ப் பெண் ஒருத்தி, அவன் இதனால் என்ன லாபம் அடைகிறான் என்று ராஜாவையே கேட்கச் சொல்ல வேண்டும் என்றாள். இதுவரை எந்தக் காட்சியிலும் வாய் திறக்காத பீபியின் மருமகள், புர்காவைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றாள். "எம் புருசன் வர்ற வரைக்கும் தீர்ப்பு சொல்லாதீங்கன்னு கேக்கணும். அது வரைக்கும் ரெண்டு பேரும் அந்த வூட்டாண்ட போவக் கூடாது. அவனும்தான். பாக்கலாம், அவன் ஒத்துக்குறானான்னு" என்றாள். பீபி திரும்பித் தன் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பதுபோல.

அண்ணி ஒவ்வொருத்தி சொன்னதையும் வாங்கி, "சரி, தம்பிக்காரன் இதுக்கு இன்னா பதில் சொல்லுவான்?" என்று திருப்பிப் போட்டார். அவர்களே தம்பிக்காரனாகவும் பேசினார்கள். அழுத குழந்தைகள் எப்போது தூங்கின என்று தெரியவில்லை. போதகரம்மா எழுந்தார். அவர் சொன்னார்: "மொதல்ல அந்தப் பொண்ண உக்காரச் சொல்லுங்க. எவ்ளோ தூரம் நடந்து வந்துருக்கா. நிக்க வெச்சே கேள்வி கேட்டா எவளுக்குப் பேச்சு வரும்?" கிடங்கு முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. தலைவியம்மாள் தன் அரைகுறைத் தமிழில் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டு, தானும் தலையாட்டினார்.

கூண்டிலிருந்து, "ரெடி டீச்சர்" என்று குரல் வந்தது. விளக்கு அணைந்தது. திரையில் மறுபடி அந்த முகம். வாய் அசைந்தது. அந்தச் சில நொடிக்குள் அண்ணி, சாட்சி எங்கே, இவனுக்கு என்ன லாபம், என் புருஷன் வரும்வரை இரண்டு பேருமே வெளியே இருப்போம் என்று எல்லாருடைய வார்த்தையையும் அவள் வாயில் போட்டுப் பேசி முடித்தார். பெண்கள் கை தட்டினார்கள். அடுத்த நிமிஷம் திரையில் இருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். புருஷன் குதிரையில் பாய்ந்து வந்தான், தம்பியை அடித்தான், அவளைத் தூக்கிக்கொண்டான், படம் முடிந்தது. அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

"இதுக்கா இவ்ளோ நேரம் ஓட்ட வெச்சான்?" என்றார் பீபி. "நம்ம சொன்னதே ஜாஸ்தி நல்லாருந்துது."

குழு கூடிய நாளில் அண்ணியை உள்ளே அழைத்திருந்தார்கள், நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. போதகர் முதலில் தன் மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. கதையை ஆரம்பித்தார். வியாபாரி கப்பலேறியதிலிருந்து ஒன்று விடாமல் சொல்லி, ராஜசபைக்கு வந்து நிறுத்தி, "நீங்க சொல்லுங்க, அவ இன்னா சொல்லியிருக்கணும்?" என்று குழுவையே கேட்டார். வக்கீல், வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை யார் வசம் வைப்பது என்பதுதான் முக்கியம் என்றார். இன்னொருவர் அதை மறுத்தார். நாற்காலிகள் நகர்ந்தன. எதற்காகக் கூடினோம் என்பதைப் போதகர்தான் கடைசியில் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு பெரியவர் மட்டும் அசையவில்லை. "கதை நல்லா இருக்கலாம். கல்லூரி ஆசிரியை கிடங்குல நிக்கிறது நல்லா இல்ல. இனிமே போறதில்லன்னு சொல்லட்டும், வேலையைக் குடுத்துரலாம்" என்றார். அது நியாயமான சமரசம்போலத்தான் மற்றவர்களுக்கும் பட்டிருக்க வேண்டும், ஒருவரும் மறுக்கவில்லை. நான் மனதுக்குள், சரி என்று சொல்லிவிடுங்கள் அண்ணி, சரி என்று சொல்லிவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணி எழுந்து நின்றது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. "ஐயா, பேசவும் எழுதவும் சொல்லிக்குடுக்கத்தான் என்னைக் கூப்புடுறீங்க. நாலு விதமான மனுஷங்க முன்னால நின்னு எப்படிப் பேசுறதுன்னு எனக்குச் சென்னையில புஸ்தகத்துல சொன்னாங்க, எனக்குப் புரியல. அந்தக் கிடங்குலதான் புரிஞ்சிது. அதை விட்டுட்டு வந்தா உங்க பொண்ணுங்களுக்கு மறுபடியும் பசுவைத்தான் சொல்லிக்குடுப்பேன். அதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்றார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "போச்சு பாப்பா" என்றார். அன்று வீட்டுக்கு நடந்தே போனோம். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய், அண்ணிக்குப் பிடித்த ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்துத் தலைவியம்மாளே வீடு தேடி வந்து வேலை உறுதியானதைச் சொன்னார். நிபந்தனை எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் கடைசிவரை எதிர்த்தாராம். மற்றவர்கள் மாறியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். போதகர் வீட்டில் அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அடுத்த காட்சிக்குப் போதகரம்மா எங்களுக்கு முன்பே காட்பாடி ஸ்டேஷனில் வந்து நின்றார், இந்தத் தடவை வேதப் புத்தகம் இல்லாமல்.

அண்ணி அந்தக் கல்லூரியில் நெடுங்காலம் இருந்தார். பேச்சுக்கலைக்கென்று தனி வகுப்பு வைத்தார். மாணவிகளைப் படத்துக்கு அழைத்துப் போய், திரும்பி வந்ததும் வாதியாகவும் பிரதிவாதியாகவும் எழுதச் சொன்னார். இப்போது கல்லூரிகளில் சினிமாவைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள், மேடையில் பெரிய பெரிய மாலைகளெல்லாம் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாழ் போட்ட கூண்டும் பிரியாணித் தட்டும் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பேசும் படம் ஆம்பூருக்கு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். புதிதாகக் கட்டிய கொட்டகை. பெண்கள் பக்கத்தை உயரமான திரைச்சீலையால் மறைத்திருந்தார்கள். கதை சொல்ல இனி ஆள் தேவையில்லை. அண்ணிக்கு வருத்தமாக இருக்குமோ என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரோ தன் மாணவிகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "முதல் தடவையா வாயை மூடிக்கினு ஒரு படம் பாக்கப் போறேன் பாப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னார். முன்வரிசையில் பீபியும் மருமகளும்.

படம் ஆரம்பித்தது. கொம்புக் குழாயிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. ஒருவன் தமிழில் பேசினான், பதிலுக்கு ஒருத்தி தெலுங்கில் பாடினாள், நடுவில் யாரோ இந்தியில் கத்தினார்கள். எங்கள் வரிசையில் ஒரு பெண் மெல்ல, "மேடம், இன்னா சொல்றான்?" என்று கேட்டாள். அண்ணி அவள் காதில் சொன்னார். அவளுக்கு அடுத்தவள் எட்டிக் கேட்டாள். அண்ணி கொஞ்சம் குனிந்து அவளுக்கும் சொன்னார். முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"சத்தமாத்தான் சொல்லேன் டீச்சர்" என்றார் பீபி. "அவன் பேசிக்கினு கெடக்கட்டும்."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.